ஒன்பது மில்லிமீட்டர்

முதலில் ஒரு தடித்த ஒலி. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஒரு மெல்லிய ஒலி. இரண்டும் சேர்ந்து அரை விநாடிக்குள் முடிந்துவிடும். 1986இல், பதினாறு வயதில், அந்த ஒலியை முதன்முதலாகக் கேட்டேன். திருச்செங்கோட்டுக்கும் நாமக்கல்லுக்கும் இடைப்பட்ட ஊர் ஒன்றில், எங்கள் மேல்நிலைப் பள்ளியின் கிழக்குக் கோடி அறையில். அந்த அறைக்குள் செருப்போடு போகக் கூடாது. சன்னல்களுக்கு வெள்ளைத் திரை. மேசைக்கடியில் உறுமிக்கொண்டிருக்கும் ஸ்டெபிலைசர். மேசைமேல் தையல் டீச்சர் தைத்துக் கொடுத்த பூப்போட்ட உறைக்குள் ஒரு பெட்டி. உறையை நீக்கினால் பழுப்பு வெள்ளை நிறத்தில் உடம்பு, கறுப்பு விசைகள், மேல் வரிசையில் சிவப்பு விசைகள். ‘பிபிசி மைக்ரோ’ என்பது அதன் பெயர்.

அது எங்கள் ஊருக்கு வந்த கதை பெரியது. இங்கிலாந்தில் மக்களுக்குக் கணினி அறிவைப் புகட்ட பிபிசி நிறுவனம் ஒரு திட்டம் தொடங்கியது. அதற்காகக் கேம்பிரிட்ஜில் இருந்த ஏக்கான் நிறுவனம் 1981 இறுதியில் இந்தக் கணினியை வெளியிட்டது. மூன்று ஆண்டுகள் கழித்து இந்திய அரசின் மின்னணுவியல் துறையும் கல்வி அமைச்சகமும் சேர்ந்து, பள்ளிகளில் கணினிக் கல்வி தொடங்கத் தீர்மானித்தபோது இதே கணினியைத் தேர்ந்தெடுத்தன. ‘கிளாஸ்’ திட்டம் என்று அதைச் சுருக்கமாகச் சொல்வார்கள். முதற்கட்டமாக நாடு முழுவதும் 250 பள்ளிகள். பின்னாளில் மொகாலியில் இருந்த செமிகண்டக்டர் காம்ப்ளக்ஸ் என்ற அரசு நிறுவனம் ‘யூனிகார்ன்’ என்ற பெயரில் இதே கணினியை இங்கேயே செய்தது. எங்கள் அறையில் இருந்தது கடல் கடந்து வந்த பெட்டி. அதன் பக்கவாட்டில் பள்ளியின் பெயரும் கீழே ‘சேலம் மாவட்டம்’ என்றும் வெள்ளைப் பெயின்டில் எழுதியிருந்தது. நாமக்கல் அப்போது தனி மாவட்டமாகவில்லை. 1997 ஜனவரியில்தான் பிரிந்தது.

கணினியைக் கற்றுத்தர அனுப்பப்பட்டவர் எங்கள் கணக்கு வாத்தியார். சில நாள் பயிற்சிக்குப் போய்வந்தார். கையில் ஒரு தடித்த கையேட்டோடு திரும்பினார். அன்று முதல் மாலை நான்கரை மணிக்கு மேல் அந்த அறையின் விளக்கு எரியத் தொடங்கியது. வீடு தூரமில்லாத பிள்ளைகள் நான்கைந்து பேர் அவரோடு இருப்போம். நான் ஒருநாளும் தவறியதில்லை.

அந்தக் கணினிக்கு எட்டு விதமான திரை உண்டு. 0 முதல் 7 வரை எண்கள். ஏழாவதைத் தவிர மற்றவற்றில் பெரும்பாலானவை படம் வரையத் தோதானவை. ஆனால் நினைவகத்தைத் தின்றுவிடும். மொத்தம் இருந்ததே 32 கிலோபைட். நல்ல தெளிவான திரை ஒன்றுக்கு அதில் 20 கிலோபைட் போய்விடும். ஏழாம் திரை மட்டும் தனி ஜாதி. வெறும் ஒரு கிலோபைட் போதும். நிரல் எழுத 28,160 பைட் மிச்சம் இருக்கும். ஏழு வண்ணம், மின்னும் எழுத்து, இரட்டை உயர எழுத்து எல்லாம் அந்த ஒரு கிலோபைட்டுக்குள் அடக்கம்.

இந்தச் சிக்கனம் எங்கிருந்து வந்தது என்று வாத்தியார் ஒரு மாலை முழுக்கச் சொன்னார். இங்கிலாந்தில் பிபிசி 1974 முதல் தொலைக்காட்சி அலையோடு எழுத்துப் பக்கங்களையும் சேர்த்து அனுப்பியது. செய்தி, வானிலை, சந்தை விலை. அதற்குச் ‘சீஃபேக்ஸ்’ என்று பெயர். 1979இல் அங்கே அஞ்சல் துறை, தொலைபேசிக் கம்பி வழியாக அதே மாதிரிப் பக்கங்களைக் கேட்டு வாங்கும் ‘ப்ரெஸ்டெல்’ சேவையைத் தொடங்கியது. இந்தத் தொலைபேசி முறைக்கு வீடியோடெக்ஸ் என்று பெயர். 1982இல் பிரான்சு ‘மினிடெல்’ பெட்டியை வீடுகளுக்குக் கொடுக்கத் தொடங்கியது. தில்லியில் தூர்தர்ஷன்கூட 1985இல் ‘இன்டெக்ஸ்ட்’ என்ற எழுத்துச் சேவையை ஆரம்பித்தது. ஒரு பக்கத்துக்கு 40 எழுத்து அகலம், 24 அல்லது 25 வரி. பிபிசி மைக்ரோவின் ஏழாம் திரைக்குள் இருந்தது அந்தப் பக்கங்களுக்கென்றே செய்த எஸ்ஏஏ 5050 என்ற சில்லு. மோடம் இணைத்தால் எங்கள் பெட்டியே ஒரு ப்ரெஸ்டெல் முனையம் ஆகிவிடும். பள்ளியில் தொலைபேசியே தலைமையாசிரியர் அறையில் மட்டும்தான் இருந்தது. ஆனாலும் அன்று அந்தத் திரையைப் பார்த்தபோது, உலகம் பேசுகிற பாஷை ஒன்று எங்கள் மேசைக்கு வந்துவிட்டது என்று தோன்றியது.

ஒரே ஒரு குறை. அந்தச் சில்லுக்குள் ஆங்கில எழுத்து மட்டுமே பொறிக்கப்பட்டிருந்தது. மற்றத் திரைகளில் எழுத்தின் உருவத்தை நாமே மாற்றி வரையலாம். ஏழாம் திரையில் முடியாது. ஆனால் அதில் சின்னச் சின்னக் கட்டங்களால் படம் போட வழி உண்டு. ஓர் எழுத்துக்கான இடம் அகலத்தில் இரண்டாகவும் உயரத்தில் மூன்றாகவும் பிரிந்து ஆறு கட்டமாகும். ஆறுக்கும் ஆறு எண்கள்: 1, 2, 4, 8, 16, 64. எரிய வேண்டிய கட்டங்களின் எண்களைக் கூட்டி, அதோடு 160ஐச் சேர்த்தால் அந்த உருவத்துக்கான எண் வந்துவிடும். ஆறும் எரிந்தால் 255.

“ஏன் சார் 32 இல்லை? 16க்கு அப்புறம் 32தானே வரோணும்?” என்று கேட்டேன். அவர் முகம் மலர்ந்தது. 32ஐ எடுத்துவிட்டால் அங்கே ஆங்கிலப் பெரிய எழுத்துகள் வந்து உட்கார்ந்துகொள்ளும், படத்துக்கு நடுவிலேயே எழுத்தும் எழுதிக்கொள்ளட்டும் என்று அந்த வழியை விட்டுவைத்திருக்கிறார்கள் என்று கரும்பலகையில் போட்டுக் காட்டினார். இரும எண் கணக்கு எனக்குப் புரிந்தது அந்தக் கேள்வியில்தான்.

அவர் அந்தக் கட்டங்களைக் கொண்டு தமிழ் எழுத்துகளை வரைந்தார். கிராஃப் தாளில் பென்சிலால் எழுதி, அழித்து, மறுபடி எழுதி. ஓர் எழுத்துக்கு அகலத்தில் ஆறு இடம், உயரத்தில் நான்கு வரி. அதாவது பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு புள்ளி. ‘நாமக்கல்’ என்ற சொல்லுக்கு நா என்பதன் காலோடு சேர்த்து ஆறு உருவம். ஆறாறு முப்பத்தாறு இடம். அவற்றுக்கு முன்னால் மஞ்சள் நிறத்துக்கான 147 என்ற குறிக்கு ஓர் இடம். 40 இடம் உள்ள வரியில் 37 நிறைந்தது. முதன்முதலாக அந்தப் பெயர் மஞ்சள் நிறத்தில் திரையில் எழுந்த மாலையில் அறையில் இருந்த ஐந்து பேரும் கை தட்டினோம். அந்தத் தலைப்புக்குக் கீழே ஊரின் பஸ் நேரமும், கோழிப்பண்ணைப் பிள்ளைகள் வீட்டிலிருந்து கேட்டு வந்து சொல்லும் முட்டை விலையும் வரும். வெளி உலகோடு எந்தக் கம்பியும் இல்லாத எங்கள் வீடியோடெக்ஸ் பக்கம் அது.

நிரல்களைச் சேமிக்கச் சாதாரண ஆடியோ கேசட்தான். சேமிப்பதற்கு முன் வாத்தியார் மைக்கில் தன் குரலில் நிரலின் பெயரைச் சொல்லிப் பதிவார். பிறகு ஒயரைச் செருகுவார். வாத்தியாரின் குரல் முடிந்த இடத்தில் கணினியின் கீச்சொலி தொடங்கும்.

*

பள்ளி முடித்து டிப்ளமோ படித்தேன். சேலம் ஐந்து ரோட்டுக்குப் பக்கத்தில் டிவி சர்வீஸ் கடை வைத்தேன். முப்பது ஆண்டாகச் சால்டரிங் ஐயன் பிடித்த கை இது. அந்த அறையில் கழித்த மாலைகள் இல்லாவிட்டால் நான் வேறு ஏதோ தொழிலில் இருந்திருப்பேன்.

2018இல் பள்ளியின் பழைய மாணவர் கூட்டத்துக்குப் போனபோது, கட்டடம் இடிக்கப்போகிறார்கள், பழைய சாமான் ஏலத்துக்குப் போகிறது என்றார்கள். நேரே கிழக்குக் கோடி அறைக்குப் போனேன். உடைந்த பெஞ்சுகளுக்கு அடியில் பூப்போட்ட உறை தெரிந்தது. தலைமையாசிரியரிடம் விவரம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். “எடுத்துட்டுப் போயிப் பாருங்க. ஆனா திருப்பிக் கொண்டாந்து வெச்சிருங்க. பதிவேட்டுல இருக்குதுங்க” என்றார். எழுதிக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

பழைய மின்சாதனம் கைக்கு வந்ததும் யாருக்கும் வரும் முதல் ஆசை, பிளக்கைச் செருகிப் பார்ப்பது. அதைச் செய்யக் கூடாது. முதலில் மேல்மூடியைக் கழற்றினேன். எலி கூடு கட்டியிருந்தது. எதையும் தொடுவதற்கு முன் போர்டை நான்கு பக்கமும் படம் எடுத்தேன். ஒவ்வொரு சில்லின் மேலும் இருந்த எண்ணை நோட்டில் எழுதினேன். பிறகு பவர் சப்ளையைத் தனியே பிரித்தேன். இந்த இனத்துக் கணினிகளில் மின்சாரம் நுழையும் இடத்தில், இரைச்சலை வடிகட்ட, ஒளி ஊடுருவும் மஞ்சள் உறை போட்ட காகிதக் கெப்பாசிட்டர்கள் இருக்கும். வயதாக வயதாக அந்த உறை விரிசல் விட்டு ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். மின்சாரம் பட்டதும் வெடித்துப் புகை கக்கும். எங்கள் பெட்டியில் இருந்தவையும் காய்ந்த குளத்து மண்போல வெடித்திருந்தன. அவற்றை மாற்றினேன். போர்டோடு இணைக்காமல் தனியே மின்சாரம் கொடுத்து, 5 வோல்ட் சரியாக வருகிறதா என்று மீட்டரில் பார்த்தேன். வந்தது. சாக்கெட்டில் இருந்த சில்லுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கால்களைத் துடைத்து மறுபடி அமர்த்தினேன். கடையில் இருந்த ஒரு பிக்சர் டியூப் டிவியோடு இணைத்துச் சுவிட்சைப் போட்டேன்.

தடித்த ஒலி. மெல்லிய ஒலி. திரையில் கணினியின் பெயரும் 32கே என்ற எழுத்தும் வந்து நின்றன. கடைப்பையன்களிடம் எதுவும் பேசாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஓடுகிறதே, போதாதா என்று பலரும் கேட்டார்கள். போதாது. இன்று ஓடுவது நாளை நின்றுவிடும். எஸ்ஏஏ 5050 சில்லை இன்று யாரும் புதிதாகச் செய்து விற்பதில்லை. உடம்பு எப்படியும் போகும். போவதற்குள் உள்ளே இருப்பதைப் படி எடுத்து வைக்க வேண்டும்.

இந்த எண்ணத்துக்கு வேர் எங்கள் சேலத்திலேயே இருக்கிறது. 1880 அக்டோபர் 21 அன்று கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்க இளம் உ.வே. சாமிநாதையர் போனார். என்ன படித்தீர்கள் என்று முதலியார் கேட்க, ஐயர் அந்தாதி, கோவை, பிள்ளைத்தமிழ் என்று நீண்ட பட்டியல் சொன்னார். சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்பது அடுத்த கேள்வி. பிறகு முதலியார் தம்மிடமிருந்த பிரதியையும் கொடுத்தார். ஏழு ஆண்டு உழைப்புக்குப் பிறகு 1887இல் சிந்தாமணி அச்சேறியது. ஊர் ஊராகப் போய் ஏடு தேடி, ஓர் ஏட்டில் சிதைந்ததை இன்னோர் ஏட்டில் பார்த்து, பாடபேதம் குறித்து, பொருள் தெரிந்தவர்களைக் கேட்டு அவர் செய்த பணியின் முறையைத்தான் என் சின்ன வேலைக்கும் நான் வழிகாட்டியாக வைத்துக்கொண்டேன். ஏட்டுக்குப் பதில் சில்லு. கரையானுக்குப் பதில் துரு.

*

என் தங்கை மகன் அப்போது பொறியியல் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தான். விடுமுறைக்குக் கடைக்கு வந்தவன், அந்தப் பெட்டியைப் பார்த்ததும் ஊருக்குத் திரும்புவதையே மறந்துவிட்டான். சில்லுகளில் இருக்கும் நிரந்தர நிரல்களைப் படிக்க ஒரு கருவி வாங்கினோம். ஒவ்வொரு சில்லையும் மூன்று முறை படித்தோம். மூன்றும் ஒத்துவந்தால்தான் படி. ஒரு சில்லு இரண்டாம் முறை மாறிப் படித்தது. காலைத் துடைத்துவிட்டு மறுபடி படித்ததும் சரியாயிற்று.

அதில் ஓர் அதிசயம் காத்திருந்தது. கணினியின் ஆதார நிரல் இருக்கும் சில்லு 16 கிலோபைட் கொண்டது. அதில் 768 பைட் அளவுள்ள ஒரு பகுதியைக் கணினியால் ஒருபோதும் படிக்க முடியாது. அந்த முகவரிகளை வெளிக் கருவிகளோடு பேசுவதற்காக ஒதுக்கிவிட்டதால் அந்த இடம் மறைந்துபோகிறது. வீணாகும் அந்த இடத்தில் இந்தக் கணினியை ஆக்கியவர்கள் நன்றி எழுதிவைத்திருக்கிறார்கள். கிறிஸ் கரி, ஸ்டீவ் ஃபர்பர், ஹெர்மன் ஹவுசர் என்று பெயர்கள் குடும்பப் பெயரின் ஆங்கில அகர வரிசையில் போகின்றன. 6502 என்ற மூளைச் சில்லை வடிவமைத்தவர்களுக்கும் நன்றி. பட்டியலின் தொடக்கத்திலேயே ராம் பானர்ஜி என்று நம் நாட்டுப் பெயர் ஒன்று. நாங்கள் இரண்டு ஆண்டு விரல் வைத்துத் தட்டிய பெட்டிக்குள் இந்தப் பெயர்கள் இருந்தன. எங்களுக்கும் தெரியாது, பெட்டிக்கும் தெரியாது. வெளியே எடுத்துப் படித்தவர் கண்ணுக்கு மட்டும் தெரியும். ஏட்டின் கடைசியில் எழுதியவர் தம் பெயரையும் நாளையும் குறித்துவைப்பாரே, அதைப் போல.

படித்த நிரல்களை வைத்துக்கொண்டு இன்றைய கணினியில் பழைய கணினியை உயிர்ப்பிப்பதற்கு எமுலேஷன் என்று பெயர். திருமூலர் இடையன் மூலனின் உடம்புக்குள் புகுந்த கதையை நாம் கேட்டிருக்கிறோம். கூடு விட்டுக் கூடு பாய்தல். அதே வேலைதான். 6502 மூளை ஒரு விநாடியில் இருபது லட்சம் துடிப்பில் என்ன செய்ததோ, திரைச் சில்லு எந்தக் கணத்தில் எந்தப் புள்ளியை எரியவிட்டதோ, அத்தனையையும் மென்பொருளாக எழுதுகிறார்கள். பிபிசி மைக்ரோவுக்கு இந்த வேலையைப் பலர் ஊதியம் பாராமல் செய்திருக்கிறார்கள். டேவ் கில்பர்ட் 1994இல் தொடங்கிய ‘பீப்எம்’, மேட் காட்பால்ட் இணைய உலாவியிலேயே ஓடும்படி எழுதிய ‘ஜேஎஸ்பீப்’ இரண்டும் எங்களுக்கு உதவின. மருமகன் தன் கைப்பேசியில் ஓடவிட்டுக் காட்டினான். அந்தக் கைப்பேசியின் மூளையான ‘ஆர்ம்’ சில்லின் முதல் வடிவம் 1985இல் அதே ஏக்கான் நிறுவனத்தில், சோஃபி வில்சன், ஸ்டீவ் ஃபர்பர் இருவர் கையால் பிறந்தது. பிபிசி மைக்ரோவின் பேசிக் மொழியை எழுதியவரும் சோஃபி வில்சன்தான். பேரன் தோள்மேல் தாத்தா ஏறி உட்கார்ந்து ஊரைப் பார்த்தார்.

ஆனால் ஆதார நிரல் உலகத்தில் பலரிடம் பத்திரமாக இருக்கிறது. எங்கள் சில்லில் இருந்ததும் அவர்களிடம் இருந்ததும் ஒரு பைட்கூட மாறாமல் ஒத்தன. எங்கள் ஊரில் மட்டும் இருந்த ஒன்று உண்டு. வாத்தியாரின் கேசட்டுகள். அவை பள்ளி அறையில் இல்லை.

*

பணி ஓய்வுக்குப் பிறகு வாத்தியார் பரமத்தி வேலூரில் இருக்கிறார் என்று விசாரித்து அறிந்தேன். காவிரிக்குப் பக்கத்தில், வெற்றிலைக் கொடிக்கால் தாண்டி வீடு. அவருக்கு அப்போது எண்பத்து நான்கு வயது. என் குரலைக் கேட்டு, “ஏப்பா, 32 ஏன் இல்லைன்னு கேட்டவன்தானே?” என்றார். நான் அவர் காலைத் தொட்டேன். அவர் மனைவி பரணிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை இறக்கிக் கொடுத்தார்கள். உள்ளே பதினொரு கேசட். கிராஃப் தாள்கள் ஒரு மழையில் நனைந்து போய்விட்டன என்றார்கள்.

கேசட்டுகளில் வெள்ளைப் பூஞ்சை. பஞ்சும் ஸ்பிரிட்டும் வைத்து மெதுவாகத் துடைத்தேன். டேப் ரிக்கார்டரில் பெல்ட் மாற்றி, ஹெட் சுத்தம் செய்து, திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி ஒலி கூர்மையாகும் இடத்தில் நிறுத்தினேன். பிறகுதான் ஓடவிட்டு ஒலிக்கோப்பாகப் பதிந்தோம். ஒவ்வொரு கேசட்டையும் ஒரே ஓட்டத்தில், முதலிலிருந்து கடைசி வரை.

கேசட்டில் தகவல் இருக்கும் விதம் எளிமையானது. சுழியம் என்றால் விநாடிக்கு 1,200 அதிர்வு வேகத்தில் ஓர் அலை. ஒன்று என்றால் 2,400 வேகத்தில் இரண்டு அலை. ஒரு பைட்டுக்கு முன்னும் பின்னும் குறி சேர்த்துப் பத்து பிட். ஆக, விநாடிக்கு 120 பைட். 256 பைட்டுக்கு ஒரு பொட்டலம். ஒவ்வொரு பொட்டலத்தின் முடிவிலும் சரிபார்ப்பு எண் ஒன்று. உள்ளே ஒரு பிட் மாறினாலும் அந்த எண் ஒத்துவராது. பத்து கேசட்டுகள் முழுதாக வந்தன. வட்டிக் கணக்கு, வாய்ப்பாடு, மாணவர் மதிப்பெண் பட்டியல், ஒரு பாம்பு விளையாட்டு. ‘நாமக்கல்’ பக்கம் இருந்த கேசட்டில் மட்டும் ஓரிடத்தில் டேப் மடங்கியிருந்தது.

மடிப்பின் நீளம் ஒன்பது மில்லிமீட்டர். விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடும் டேப்பில் அது கிட்டத்தட்ட 0.19 விநாடி. 23 பைட். முன்னால் உள்ள வரியும் பின்னால் உள்ள வரியும் நன்றாக இருந்தன. தொலைந்தது ‘ல்’ எழுத்தின் மேல் வரிசைக்கான ஆறு எண்கள். மூவிலக்க எண் ஆறு, நடுவே ஐந்து காற்புள்ளி. எமுலேட்டரில் ஓடவிட்டால் ‘நாமக்க’ வரை மஞ்சளாக வந்து, கடைசி எழுத்து தலையில்லாமல் நின்றது.

பொட்டலத்தின் சரிபார்ப்பு எண் தப்பியிருந்ததால் மருமகன் ஓர் உபாயம் சொன்னான். எல்லா எண்களையும் கணினியே போட்டுப் பார்க்கட்டும், எது ஒத்துவருகிறதோ அதை எடுத்துக்கொள்வோம். இரவெல்லாம் ஓடவிட்டான். காலையில் சோர்ந்து உட்கார்ந்திருந்தான். “மாமா, விடை ஒண்ணு ரெண்டு இல்ல. பத்து லட்சத்துக்கு மேல வருது.” ஓர் இடத்துக்கு 64 உருவம் என்றால் ஆறு இடத்துக்கு 6,872 கோடி வாய்ப்பு. சரிபார்ப்பு எண்ணோ 65,536 மதிப்புகளில் ஒன்றாகத்தான் இருக்கும். அதனால் தவறான விடைகளும் லட்சக்கணக்கில் ஒத்துவரும். ‘க்’ எழுத்தின் புள்ளி வரிசையை எடுத்து அப்படியே வைத்துப் பார்த்தோம். ஒத்துவரவில்லை.

மறுபடி பரமத்தி வேலூர். மடிக்கணினியில் அந்தத் தலையில்லாத எழுத்தைக் காட்டினேன். கண் பார்வை மங்கியதால் திரைக்கு அருகே வந்து பார்த்தார். பிறகு ஒலிக்கோப்பைப் போட்டேன். முப்பது வயது இளைய அவர் குரல் ஒலித்தது. “நாமக்கல் பக்கம். ரெண்டாம் பதிவு. ல் மாத்தியிருக்கு.” அதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். “பென்சில் கொண்டா கண்ணு” என்றார்.

கிராஃப் தாளில் கட்டம் போட்டார். “மொதல்ல ‘க்’ மாதிரியே புள்ளி மட்டும் வெச்சிருந்தேன். பசங்க ‘வ்’ன்னு படிச்சாங்க. ல-வுக்கு வலது கை மேல ஏறி நிக்கோணும். அதுதான் ரெண்டாம் பதிவு.” புள்ளிக்கு மூன்றாம் இடத்தில் 172. கை ஏறும் ஐந்தாம் இடத்தில் 224 என்று எழுதினார். மருமகன் தட்டினான். ஒத்துவரவில்லை. வாத்தியார் தாளைக் கையில் எடுத்துத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். கரும்பலகையிலிருந்து இரண்டடி பின்னால் வந்து பார்ப்பாரே, அதே பார்வை. “பத்தலை. இன்னும் ஒரு கட்டம் ஏறோணும்.” 224ஓடு எட்டைக் கூட்டி 232 என்று திருத்தினார். 160, 160, 172, 160, 232, 160.

சரிபார்ப்பு எண் ஒத்துவந்தது.

மருமகன் எழுந்து நின்றுவிட்டான். திரையில் ‘நாமக்கல்’ முழுதாக, மஞ்சளாக நின்றது. உ.வே.சா. சிந்தாமணியில் சந்தேகம் வந்தபோது திருத்தக்கதேவரைக் கேட்க முடியவில்லை. ஆயிரம் ஆண்டு இடைவெளி. எனக்கு என் ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

*

பெட்டியைச் சொன்னபடி பள்ளியில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். புதுக் கட்டடத்தின் நூலகத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறது. அதோடு ஒரு கோப்பும் வைத்தேன். போர்டின் படங்கள், சில்லுகளின் எண்கள், நான் மாற்றிய பாகங்களின் பட்டியல், வாத்தியார் சொன்ன விளக்கங்கள், அந்தக் கிராஃப் தாள். கேசட்டுகளின் ஒலிக்கோப்புகளை முழுதாக வைத்திருக்கிறோம். எமுலேட்டருக்கு வேண்டியது பைட்டுகள் மட்டும்தான். பைட்டுகளை மட்டும் பிரித்தெடுத்துவிட்டு ஒலியை அழித்திருந்தால் “ல் மாத்தியிருக்கு” என்ற குரல் போயிருக்கும். அந்த இரண்டு சொல் இல்லாமல் அவருக்கு இரண்டாம் பதிவு நினைவுக்கு வந்திருக்காது. இயந்திரத்துக்கு எது வேண்டும் என்பதை வைத்துப் பாதுகாக்கத் தொடங்கினால் மனிதன் சொன்னது முதலில் உதிர்ந்துவிடும். என் அனுபவத்தில் நான் கற்றது இது.

ப்ரெஸ்டெல் 1990களில் மூடப்பட்டது. மினிடெல்லும் சீஃபேக்ஸும் 2012இல் நின்றன. அவற்றின் லட்சக்கணக்கான பக்கங்களில் பெரும்பகுதி போய்விட்டது. மிஞ்சியவற்றில் பல, யாரோ வீட்டில் பதிந்து வைத்த கேசட்டிலிருந்தும் பழைய வீடியோ டேப்பிலிருந்தும் மீட்கப்பட்டவை. உலகம் முழுதும் நிலை இதுதான். பெரிய நிறுவனங்கள் அழித்ததைத் தனி மனிதரின் பரண் காத்திருக்கிறது.

நம் ஊர்ப் பள்ளிகளில் 1980களில் இந்தப் பெட்டிகள் வந்தன. அவற்றில் நம் ஆசிரியர்கள் நம் பிள்ளைகளுக்காக எழுதிய நிரல்கள் வேறெங்கும் இல்லை. உங்கள் பள்ளியிலோ பரணிலோ அப்படி ஒரு பெட்டி, ஒரு கேசட், கையால் எழுதிய ஒரு நோட்டு இருந்தால், மின்சாரம் கொடுக்காதீர்கள், மேலே எதையும் பதியாதீர்கள், எடைக்குப் போடாதீர்கள். படம் எடுத்து, விவரம் எழுதி வையுங்கள். அதைவிட முக்கியம், அதை எழுதியவர் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே போய்ப் பாருங்கள். ஒரு பென்சிலும் கிராஃப் தாளும் எடுத்துக்கொண்டு போங்கள்.